தறிக்குழி எந்தத் துறைக்குச் சொந்தம்?

வாங்க தம்பி. புதுசா வந்த ஆபீசரு நீங்கதானா? மூஞ்சியில இன்னும் களை இருக்குது, அத்த வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அய்யய்யோ, அந்தப் பலகையில உக்காராதீங்க, அது தறிப்பலகை. எங்க அப்பாரு அதுல உக்காந்தாரு, அப்புறம் நான் உக்காந்தேன். ரெண்டு பேருமே முழுசா நிமிந்து எழுந்திரிக்கல. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

எல்லாத் துறையும் கைகோத்து சேவூரு ஜனங்க ஆரோக்கியத்த ஒசத்தணும்னு மேல இருந்து கடுதாசி வந்திருக்குதாம். ஒருங்கிணைப்புக் கூட்டம் போடப் போறீங்களாம். நல்ல காரியம். இந்தத் தெருவுல பொறந்து இந்தத் தெருவுலயே முட்டி தேஞ்சவன் நானு. கேக்காமலே யோசனை சொல்ற வயசும் ஆயிடுச்சு. அதனால சொல்றேன், எழுதிக்குங்க.

மொதல்ல, கூட்டத்த எங்க தெருவுல வெச்சிடாதீங்க. வெச்சா ஜனங்க வந்துடுவாங்க, வந்தா வாயத் தொறப்பாங்க. ஏ.சி. ரூமா பாத்து வையுங்க. காலையில பதினோரு மணி ரொம்பப் பொருத்தமான நேரம். தறியில வெளிச்சம் நல்லா விழற நேரம் அதுதான், நெசவு நெய்யறவன் ஒருத்தன்கூட எட்டிப் பாக்க மாட்டான். ஒவ்வொரு துறையிலேருந்தும் முடிவு எடுக்க அதிகாரமில்லாத ஒருத்தர அனுப்பச் சொல்லுங்க. "மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்"னு அவரு நோட்டுல எழுதிக்குவாரு. போண்டா சூடா இருக்கணும். அது ஆறிப்போனாத்தான் கூட்டத்துல சண்டை வரும், மத்தபடி வராது.

மேடையில பேசுறப்போ ஒண்ணு மட்டும் வேணாம். "பாவும் ஊடையும் சேந்தாத்தான் பட்டு, அதுபோல நாமும்..."னு ஆரம்பிச்சிடாதீங்க. ஆரணிப் பக்கம் மாத்தலாகி வர்ற அத்தன பேரும் அத்தத்தான் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எங்க பாவே அறுந்துபோச்சு.

அப்புறம், எந்த மாவட்டத்துக்குக் கடுதாசி எழுதுறதுன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க. பட்டா, சிட்டான்னா திருவண்ணாமலை மாவட்டம். காய்ச்சல் கணக்குன்னா செய்யாறு சுகாதார மாவட்டம். வைத்தியம் பெருசாப் போச்சுன்னா, காசு இருக்கிறவன் கண்ணமங்கலம் வழியா வேலூருக்குப் பஸ் ஏறிடுவான். 1989 வரைக்கும் எல்லாம் ஒரே வட ஆற்காடு, குழப்பம் இல்ல. இப்போ என் முட்டி எந்த மாவட்டத்துல வலிக்குதுன்னு எனக்கே தெரியல.

சரி, வந்ததே வந்தீங்க, இந்தத் தறிக்குழியக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கண்ணாடியப் புடிச்சுக்குங்க, விழுந்தா எடுக்கறது கஷ்டம். தரையத் தோண்டிக் குழி எடுத்து, அதுக்குள்ள மிதிகட்டைய வெச்சு, ரெண்டு காலையும் தொங்கவிட்டு உக்காந்துதான் நெய்யறோம். மழைக்காலம்னா குழியில ஈரம் ஊறும். உள்ள எப்பவும் இருட்டு. டெங்கு கொசு இருக்குதே, அது சாக்கடையில பொறக்கறது இல்ல. குடத்துலயும் தொட்டியிலயும் மூடாம வெச்ச நல்ல தண்ணியில முட்டை போடும், பகல்லதான் கடிக்கும், வூட்டுக்குள்ள இருட்டு மூலை பாத்து ஒதுங்கும். இருட்டுக் குழிக்குள்ள பகல் பூரா ரெண்டு காலத் தொங்கவிட்டு அசையாம உக்காந்திருக்கிறவன் இந்த ஊர்ல யாரு? நாங்கதான். இலை போட்டுப் பந்தி வெச்ச மாதிரி வெச்சிருக்கோம். கால ஆட்டி விரட்டலாமேன்னு கேப்பீங்க. கால் மிதிகட்டைமேல இருக்குது தம்பி. ஆட்டினா புடவையில வேற டிசைன் வந்துடும்.

இப்போ சொல்லுங்க, இந்தக் குழி எந்தத் துறை? கொசுவக் கேட்டா சுகாதாரத் துறை. கொசு முட்டை போட்ட தெருத் தொட்டி ஊராட்சி. அந்தத் தொட்டிக்குத் தண்ணி கொண்டாந்து விடறது குடிநீர் வாரியம். தறி கைத்தறித் துறை. வூடு வருவாய்த் துறை. கடிபட்ட காலு ஆரம்ப சுகாதார நிலையம். வூடு வூடா வந்து தொட்டியில டார்ச் அடிச்சுப் பாத்து அபேட் மருந்து ஊத்திட்டுப் போற பொண்ணு இருக்குதே, அதுக்குக் கூலி ஒரு ஆபீசு, வேலை வாங்கறது இன்னொரு ஆபீசு. முட்டையிலேருந்து கொசு பறக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்ங்கறாங்க. உங்க கோப்பு ஒரு மேசையிலேருந்து பக்கத்து மேசைக்குப் போக எத்தன நாள் ஆகும்னு நான் கேக்கல. பெரிய மனுஷன் கேக்கக் கூடாது.

சட்டம் இல்லையான்னா, பேஷா இருக்குது. 1939-லயே மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் போட்டாச்சு. வெள்ளைக்காரன் காலம், ராஜாஜி முதல் மந்திரியா இருந்த வருஷம். கொசுவ வளர விடறது குத்தம்னு அதுலயே எழுதி வெச்சிருக்குது. என்னவிட வயசான சட்டம். என்ன மாதிரியே அதுக்கும் காது கொஞ்சம் மந்தம்.

குழுவும் இருக்குது. 2005-ல தேசிய ஊரக சுகாதார இயக்கம்னு வந்துச்சே, அது ஊருக்கு ஊரு ஒரு சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு வெக்கச் சொல்லுச்சு. ஊராட்சித் தலைவரு, கிராம சுகாதார செவிலியரு, அங்கன்வாடி டீச்சரு, மகளிர் குழுப் பொம்பளைங்க எல்லாம் ஒரே பாயில உக்காந்து பேசணும். வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபா, ஊருக்கு எது அவசரமோ அதுக்குச் செலவு பண்ணலாம். நீங்க தேடி வந்த கைகோத்தல் இதுதான் தம்பி. பிளீச்சிங் பவுடர் வாங்கறதுக்கும் சாக்கடை தூர் வாரறதுக்குமே அந்தக் காசு சரியாப் போயிடும். நாங்க நெய்யற கல்யாணப் புடவை ஒண்ணு அதுக்கு மேல வெலை போவும். அது கெடக்கட்டும். 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்ட 27 மாவட்டத்துலயும் ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுபோச்சு, நம்ம திருவண்ணாமலையும் அதுல ஒண்ணு. அதுக்கப்புறம் அந்த நாற்காலியப் பாத்துக்க வந்தது தனி அலுவலரு, அதாவது பி.டி.ஓ. அவருக்கு ஒன்றியத்துல இருக்கிற அத்தன ஊரும். கொசுக்கு மருந்து வேணும்னு தலைவர்ங்கற முறையில அவரே எழுதி, பி.டி.ஓ.ங்கற முறையில அவரே வாங்கிப் படிச்சு, "பரிசீலிக்கப்படும்"னு அவருக்கே பதில் போட்டுக்கலாம். இதவிட ஒத்துமையான ஒருங்கிணைப்பு எந்தத் தேசத்துல கிடைக்கும்?

கெழவன் குத்தம் சொல்லியே பொழுத ஓட்டுறான்னு நெனச்சுக்காதீங்க. உருப்பட்டதும் ஒண்ணு இருக்குது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்களே, மக்களைத் தேடி மருத்துவம். நான் மொதல்ல சிரிச்சேன். மருத்துவரத் தேடி மக்கள் போயே கிடைக்கலயே, மக்களத் தேடி மருத்துவம் எங்க வரப் போவுதுன்னு. வந்துடுச்சு. தோள்ல ஒரு பை, அதுக்குள்ள பிரஷர் பாக்குற மிஷினு, சர்க்கரை பாக்குற மிஷினு. வந்தது மகளிர் குழுவுலேருந்து எடுத்த பொண்ணு, அடுத்த தெருவுதான். ஆளக் குடுத்தது மகளிர் திட்டம், மருந்து குடுத்தது சுகாதாரத் துறை. இதுக்கு ரெண்டு துறையும் நெசமாவே கை குலுக்கணும், குலுக்கியிருக்காங்க. படுத்த படுக்கையா கெடக்கிறவங்களுக்கு வூட்டுக்கே வந்து புண் தொடைக்கிற நர்சம்மா, மடங்காத கைய மடக்க வெக்கிற இயன்முறை மருத்துவரு எல்லாம் அதே திட்டத்துலதான். 2024-ல ஐ.நா. சபை இதுக்கு விருது குடுத்துச்சு. எந்தப் பிரிவு குடுத்துச்சு தெரியுமா? தொற்றா நோய்க்காகப் பல அமைப்பும் சேந்து வெச்சிருக்கிற பணிக்குழு. அங்கயும் ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டம் இருக்குது பாருங்க. அவுங்க போண்டா எப்படின்னு தெரியல.

பையோட வர்ற அந்தப் பொண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தீங்கன்னா, கூட்டமே வேணாம்னு சொல்லிடுவீங்க. தறியவிட்டு எழுந்து வாங்கன்னு கூப்பிடாது. ராட்டையில தார் சுத்துற நேரமா பாத்து வரும். நாங்க இடது கை விரல நீட்டுவோம், குத்தும். குத்தின எடத்துல பஞ்ச வெச்சு நல்லா அழுத்திப் புடிச்சுட்டு, "புடவையில கை வெக்காதீங்க தாத்தா"ன்னு ரெண்டு தரம் சொல்லும். ஏன்னா ஒரு சொட்டு ரத்தம் பட்டுல பட்டுச்சுன்னா, எடுத்துக்கிட்டுப் போய்க் குடுக்கிற எடத்துல கூலியப் புடிச்சுக்குவாங்க. இது எந்தப் பயிற்சிக் கையேட்டுல இருக்குது? எதுலயும் இல்ல. நெசவுக்காரன் வூட்டுப் பொண்ணுக்குத் தெரியும். சர்க்கரை பாக்க வந்தது அப்படியே எதிர்வூட்டுக் கைக்குழந்தைக்குப் புதன்கிழமை தடுப்பூசிய ஞாபகப்படுத்திட்டு, மூடி இல்லாத தொட்டியப் பாத்து மொறச்சுட்டுப் போவும். நாலு துறை வேலை, ஒரே பை. அது போன் போட்டா எடுக்கிற மாதிரி ஒரு நம்பரு குடுங்க தம்பி. அதுக்கு ஐ.நா. வரைக்கும் போக வேணாம், உங்க மேசை வரைக்கும் போனாப் போதும்.

2024-ல தொழிலாளரைத் தேடி மருத்துவம்னும் ஒண்ணு கொண்டாந்தாங்க, வேலை செய்யற எடத்துக்கே போய்ச் சோதனை பண்றது. ரொம்ப நல்லது. ஆனா அது கம்பெனி வாசலத்தான் பாத்துப் போவுது. எங்களுக்குக் கம்பெனியே வூடு. அடுப்புக்கும் தறிக்கும் நடுவுல நாலடி. நான் தொழிலாளியா, வூட்டுக்காரனா? காலையில தறியில உக்காந்தா தொழிலாளி, சாயந்தரம் அதே எடத்துல பாய் போட்டா வூட்டுக்காரன். வண்டி எந்த நேரத்துக்கு வரும்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்குத் தகுந்தாப்பல மாறிக்கறேன்.

சோதனைன்னதும் சர்க்கரை ஞாபகம் வருது. 2011 ஜூன் மாசத்துலேருந்து ரேஷன் அரிசி இலவசம். அந்த அரிசி இல்லாம அடுப்பு எரியாத வூடு இந்தத் தெருவுல நெறைய. குத்தம் சொல்லல, கும்புடறேன். இன்னொரு பக்கம் ஆரணின்னாலே பட்டுக்கு அடுத்தது அரிசி ஆலைதான், பளிங்காட்டம் தீட்டி அனுப்புவாங்க. மூணு வேளையும் வெள்ளைச் சோறு, நாள் முழுக்க உக்காந்த எடம், இடுப்புக்குக் கீழ கால் மட்டும்தான் அசையும். ஒரு கை அரிசியப் போடுது, இன்னொரு கை சர்க்கரை மாத்திரையப் போடுது. ரெண்டு கையும் ஒரே ஒடம்புலதான் இருக்குது, ஆனா ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டதே இல்ல. மூணாவதா ஒரு கை இருக்குது, அதப் பத்தி உங்க கூட்டத்துல யாரும் பேச மாட்டீங்க. டாஸ்மாக். அது எந்தத் துறையோடயும் ஒருங்கிணைஞ்சு நான் பாத்ததில்ல. பகல் 12 மணிக்குத் தொறக்கும், ராத்திரி 10 மணிக்குச் சாத்தும். காலம் தவறாம நடக்கிற அரசாங்கக் கடை அது ஒண்ணுதான். கூலி வாங்கின அன்னைக்குச் சாயந்தரம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, எங்க தெரு ஆம்பளைங்க எல்லாம் ரொம்ப ஒருங்கிணைஞ்சு இருப்பாங்க.

கைகோத்து வேலை செஞ்ச எடமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்குது, ரொம்பத் தூரம்கூட இல்ல. கே.வி.குப்பம். 1977-ல வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அங்க ஒரு கிராம மையம் ஆரம்பிச்சுது. இங்கிலீஷ்ல அதுக்கு ரூஹ்சான்னு பேரு. வெறும் ஆஸ்பத்திரின்னு பேரு வெக்கல, ஆரோக்கியமும் சமூகக் காரியமும்னு சேத்து வெச்சாங்க. ஊருக்கு ஒரு பொம்பளையப் பொறுக்கி எடுத்துக் குடும்ப நலத் தொண்டரா ஆக்குனாங்க. பிரசவமும் பாத்தாங்க, பொழப்பையும் பாத்தாங்க. பாலு கறக்கிற மாடு இல்லாத வூட்டுல சத்துணவு பத்திப் பாடம் நடத்தி ஒண்ணும் ஆவாதுன்னு அவுங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. அதுக்கு மறு வருஷம்தான், 1978-ல, அப்போ சோவியத் நாட்டுல இருந்த அல்மா-அட்டாங்கற ஊர்ல உலக நாடுங்க எல்லாம் கூடி, ஆரோக்கியம்னா அது சுகாதாரத் துறை வேலை மட்டும் இல்ல, விவசாயம், கல்வி, வூடு, தண்ணி எல்லாரும் சேரணும்னு தீர்மானம் போட்டாங்க. வட ஆற்காடு ஒரு வருஷம் முந்திக்கிச்சு. இதச் சொல்லிக்கிட்டு ஒருத்தரும் ஊர்வலம் போகல, அதான் உங்களுக்குத் தெரியல.

இன்னொரு கதை பேத்தி போன்ல படிச்சுக் காட்டுச்சு. பின்லாந்துன்னு ஒரு குளிரு நாடு. அதுல வட கரேலியான்னு ஒரு மாகாணம். பாலும் வெண்ணெயும் பன்னிக்கறியும் கொழுப்பா தின்னுட்டு, நடு வயசு ஆம்பளைங்க மாரடைப்புல மளமளன்னு விழுந்தாங்களாம். ஜனங்களே அரசாங்கத்துக்கு மனு போட்டு, 1972-ல வேலை ஆரம்பிச்சுது. பெக்கா புஸ்கான்னு ஒரு சின்னப் பையன் டாக்டரு, ஏறக்குறைய உங்க வயசுதான். அவரு ஆபீசருங்கள மட்டும் கூட்டிக் கூட்டம் போடல. மார்த்தான்னு ஒரு பொம்பளைங்க சங்கம், அவுங்ககிட்டப் போய்க் கொழுப்பு கம்மியா ஆக்கிப் போடறது எப்படின்னு ஊரு ஊரா சமையல் பண்ணிக் காட்ட வெச்சாரு. கறித்துண்டு செய்யற கம்பெனிக்காரன்கிட்டப் போய்க் கொழுப்பக் கொறைன்னாரு. பால் பண்ணைக்காரங்களோட மல்லுக்கட்டினாரு. மாடு வெச்சிருந்த சில பேர பழத்தோட்டம் போட வெச்சாரு. நாப்பது வருஷத்துல, வேலை செய்யற வயசு ஆம்பளைங்க மாரடைப்புல சாவறது அஞ்சுல நாலு பங்குக்கு மேல கொறைஞ்சுபோச்சு.

அதுல நான் கவனிச்சது ஒண்ணுதான். கறித்துண்டு கம்பெனிக்காரன் கூட்டத்துல இருந்தான். உங்க பட்டியல வாசிங்க பாப்போம். வட்டார மருத்துவ அலுவலரு, பி.டி.ஓ., குடிநீரு, கைத்தறி, பள்ளிக்கூடம், அங்கன்வாடி. சரி. தறி ஓனருங்க எங்க? பாவு குடுத்து, புடவைக்கு நாள் வெச்சு, கூலி பேசறது அவுங்கதானே? கல்யாண மாசத்துல "வர்ற வெள்ளிக்குள்ள அறுத்துக் குடு"ன்னு அவுங்க சொன்னாங்கன்னா, சுகாதார அமைச்சரே வந்து நின்னாலும் நான் எழுந்திரிக்க முடியாது. கூட்டுறவுச் சங்கம் எங்க? சாயப் பட்டறைக்காரரு எங்க? கொதிக்கிற சாயத்துல கையுறை இல்லாம பட்டு நூல முக்கி எடுக்கிறவன் கையப் பத்தி அவரத் தவிர யாரு முடிவு பண்றது? அரிசி ஆலைக்காரரு எங்க? அவ்வளவு ஏன், முக்குல இருக்கிற டீக்கடைக்காரரு எங்க? எங்க தெருவுல ஒரு நாளைக்கு எத்தன கரண்டி சர்க்கரை எறங்குதுங்கற கணக்கு உங்க சுகாதார மாவட்டத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மின்வாரியத்தையும் கூப்பிடுங்க. சிரிக்காதீங்க. 2023-ல கைத்தறிக்கு இலவசக் கரண்ட 200 யூனிட்டுலேருந்து 300 ஆக்குனாங்க. தறிமேல நல்லதா ஒரு விளக்கு எரிஞ்சா, ஜரிகையப் பாத்துப் பாத்து அவியற கண்ணு அஞ்சு வருஷம் கூடத் தாங்கும். கண்ணு டாக்டருக்கு முன்னால கரண்ட்காரரு செய்யற வைத்தியம் அது.

அப்புறம், முகாமுக்கு நாள் பாக்குறது. நீங்க காலண்டர்ல சிவப்பு மையில இருக்கிற நாள விட்டுட்டுக் கறுப்பு மையில இருக்கிற நாளாப் பாத்து வெக்கிறீங்க. எங்களுக்கு அதெல்லாம் வேலை நாளு. ஒரு நாள் தறி நின்னா ஒரு நாள் கூலி போச்சு, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரு ஒழைப்பும் போச்சு. "விழிப்புணர்வு இல்ல"ன்னு நீங்க அறிக்கை எழுதுறீங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம், தறியில. பல வூட்டுல இன்னும் அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டாங்க. பெருசுங்க வெச்ச வழக்கம். மாசத்துக்கு ஒரு நாளு ஒடம்பு நிமிரட்டும்னுதான் வெச்சிருப்பாங்களோ இன்னமோ, சாமி பேரச் சொன்னாத்தானே நாங்க கேப்போம். அந்த நாள்ல வாங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில தெருவுல பாவு போட முடியாம கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்போம், டெங்குக் காய்ச்சலும் அப்பத்தான் வரும். அப்பவும் வாங்க. மத்த நாள்ல பந்தல் போட்டா, போட்டோவுல பந்தக்காரரும் நீங்களும்தான் இருப்பீங்க.

கடைசியா, கூட்டத்துக்கு எடம் தேடி அலைய வேணாம். கிராம சபை இருக்குது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட தண்ணி தினம்னு மார்ச் 22, உள்ளாட்சி தினம்னு நவம்பர் 1. ஆறு நாளு. எல்லாத் துறையும் வரணும்னு விதி, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறதுதான் வழக்கம். வர்ற சபையில கொஞ்ச நேரம் உக்காருங்க. பை தூக்குற அந்தப் பொண்ண முன் வரிசையில உக்கார வையுங்க, தறி ஓனரையும் சங்கத்துக்காரரையும் ரெண்டு பக்கம் வையுங்க, ஆபீசருங்க எல்லாம் பின்னால. தீர்மானப் புஸ்தகத்துல இவ்வளவு எழுதுனாப் போதும்: மாசா மாசம் அமாவாசை அன்னைக்குக் கண்ணு பாக்குறவரு, முட்டி பாக்குறவரு, சர்க்கரை பாக்குறவரு மூணு பேரும் ஒரே வண்டியில நெசவுத் தெருவுக்கு வரணும், கொசு மருந்துப் பையும் அதே வண்டியில இருக்கணும், டீசலு எந்தத் துறைக் காசுங்கறத அங்கயே முடிவு பண்ணி எழுதிக் கையெழுத்துப் போடணும். டீசல் கணக்க மட்டும் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னு சொல்லிடாதீங்க தம்பி.